குடைக்காரி நாளைக்கு உண்டா?

"கண்ணை மூடிட்டு உக்காருங்க, சும்மா சும்மா திறந்து பாத்தா மருந்து வேலை செய்யாது" என்று சொல்லி, பஞ்சுத் துண்டைக் கையில் திணித்துவிட்டு நர்ஸ் அடுத்த ஆளின் நெற்றியைப் பிடித்துப் பின்னால் சாய்க்கப் போய்விட்டாள். கோகிலவாணி மூடிக்கொண்டாள். மூடியதும் குடைக்காரி வந்தாள். எப்போதும் போல இடது பக்கத்திலிருந்து, கறுப்புக் கவுனை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பிடித்தபடி, மறு கையில் அந்தச் சிவப்புக் குடையோடு, ஏதோ கல்யாண வீட்டுக்குத் தாமதமாக வருகிறவள் போல அவசரமே இல்லாமல். சனியனே, இங்கேயுமா. கண் எரிந்தது. எரிச்சல் மருந்தினாலா அவளாலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கண்ணுக்குள் மருந்து கசந்து தொண்டை வரைக்கும் இறங்குவது போல இருந்தது. கண்ணில் விட்டது எப்படித் தொண்டைக்கு வருகிறது, யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்க வேண்டியது அது இல்லை. குடைக்காரி நாளைக்கு உண்டா, கிடையாதா, அதைச் சொல்ல வேண்டும், சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டியவள் அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரி ஒன்றில், கண்ணை மூடிக்கொண்டு கும்பிடாமல் கும்பிடும் கூட்டம் போல உட்கார்ந்திருக்கிற வரிசையில், பஞ்சைப் பிசைந்துகொண்டிருக்கிறாள். டஸ்க் அரீனா என்கிற ஒரு வீடியோ கேம். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு பொம்மை வீரனை எடுத்துக்கொள்ள, திரையில் அந்த இரண்டு பேரும் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதை ஆடப் பழகி, ஆடுகிறவர்களைத் தேடிப் பிடித்து, கோயமுத்தூரில் ஒரு கூட்டம் சேர்த்து, வருஷா வருஷம் ஒரு போட்டி நடத்தி, ஈரோட்டிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ஆள் வருகிற அளவுக்கு அதை வளர்த்ததில் இவளுடைய இருபதுகள் முழுக்கக் கரைந்திருக்கின்றன. இந்தக் கோடையில்தான் கேம் கம்பெனிக்காரன் இந்தக் குடைக்காரியைப் புதிதாக இறக்கினான். அவளுக்கு வாயில் நுழையாத ஒரு பிரெஞ்சுப் பெயர் உண்டு. கோயமுத்தூரில் அதை யாரும் சொல்வதில்லை. முதல் வாரமே குடைக்காரி ஆகிவிட்டாள், அடுத்த வாரம் எல்லோரையும் அடித்துப் போட்டுவிட்டாள்.

அவளிடம் குறை இருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. கேமில் ஒவ்வொரு ஆளும் அடித்து முடித்ததும் ஒரு கண் சிமிட்டும் நேரம் திறந்து நிற்பான். கை நீட்டியவன் கையை இழுத்துக்கொள்ள வேண்டுமே, அந்த நேரம். அதற்குள் எதிராளி உள்ளே நுழைந்து திருப்பிக் கொடுப்பான். விளையாட்டே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. குடைக்காரிக்கு மட்டும் அது கிடையாது. குடையை விரித்தால் எந்த அடியும் உள்ளே போகாது, மடக்கினால் மடக்கியதே அடி, மடக்கியதும் விரிந்துவிடுகிறது. கதவே இல்லாத வீடு. அதைச் செய்தவன் எங்கோ தூரத்தில் உட்கார்ந்து கவனிக்காமல் விட்டிருக்கிறான், என்றைக்காவது திருத்துவான், அதுவரைக்கும் இங்கே ஜெபராஜ் அண்ணனும் பிரணவும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். போட்டிக்குழுவில் இந்த இரண்டு பேரும் இவளும், மொத்தம் மூன்று பேர். ஜெபராஜ் அண்ணனுடைய கணபதி கேமிங் சென்டரில்தான் நாளைக்குப் போட்டி, அவருக்குக் குடைக்காரி கூடாது. "வர்றவன் எல்லாம் ஒரே ஆள்கிட்ட உதை வாங்கிட்டுப் போனா அடுத்த வருஷம் எவன் வருவான்." பிரணவுக்குத் தடை என்ற சொல்லே ஆகாது. "செஞ்சவனே உள்ள வெச்சிருக்கான், எடுத்துப் போட நாம யாருங்க்கா? கஷ்டமா இருந்தா பழகட்டும்." இரண்டு பேரும் சொல்லிவிட்டு இவள் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இவள் பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். தினமும் காலையிலிருந்து தண்டு தண்டாக எடுத்து கேஜ் என்கிற அளவு வளையத்தில் விட்டுப் பார்க்கிறவள். நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் சிவப்பு அட்டை. யார் கடைந்தது, எந்த ஷிப்ட், கடைந்தவன் வீட்டில் என்ன கஷ்டம், எதையும் கேஜ் கேட்காது. அதனால் இவளிடம் கேட்டால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். கேஜ் என்றைக்காவது தண்டிடம் தோற்றிருக்கிறதா? இவள் தோற்றிருக்கிறாள். போன மாசம் சென்டரில் நடந்த சின்னப் போட்டியில், எல்லோரும் சுற்றி நிற்க, இவள் எப்போதும் எடுத்து ஆடுகிற பயில்வானை அந்தக் குடை ஒரு மூலையில் ஒதுக்கி, ஒதுக்கி, ஒதுக்கி.

தொடையில் போன் நடுங்கியது. எடுத்துக் கண்ணைத் திறந்தாள். வெள்ளையாக ஒரு வெளிச்சக் குளம், அதில் சாம்பல் நிறத்தில் பூச்சிகள். தள்ளிப் பிடித்தாள், கிட்டே பிடித்தாள். பூச்சிகள் எழுத்தாகவில்லை. கூட யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். இவள்தான் ஒரு மருந்துச் சொட்டுக்கு எதற்குக் கூட்டம் என்று தனியாக வந்தாள். போன் மறுபடி நடுங்கியது, மறுபடியும், பிறகு நிற்கவே இல்லை. குரூப்பில் அடித்துக்கொள்கிறார்கள். "ஏனுங் அம்மணி, ஏதாச்சும் அவசரமாட்ட இருக்குது. படிச்சுச் சொல்லட்டுங்களா? எனக்கு இன்னும் மருந்து விடலீங்க" என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல். திரும்பினாள். ஒரு பச்சைச் சேலை, மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாநிறமாக ஒரு மங்கல், மஞ்சள் வாசனை. யாரென்றே தெரியாத அம்மாவிடம் போனைக் கொடுப்பதா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றி முடிவதற்குள் கை கொடுத்துவிட்டது. அந்த அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் மாதிரி இல்லை, ஒப்பிக்கிறவர் மாதிரி படித்தார். "ஜெபராஜ் அண்ணன்னு போட்டிருக்குது. 'வாணி, என்ன முடிவு. குடைக்காரி இருந்தா ஈரோட்டுப் பசங்க வரலியாம். சேலமும் யோசிக்குதாம். சீக்கிரம் சொல்லு.' அடுத்தது பிரணவ். 'அக்கா, மிரட்டலுக்குப் பயந்து தடை பண்ணினா இன்னைக்கு இவ, நாளைக்கு எவ?' அவ்வளவுதானுங்க." பிறகு கேட்டார். "ஆருங்க அது, குடைக்காரி?" வாணிக்கு விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. "விளையாட்டுல வர்ற ஒரு ஆளுங்க." "ஓ, போட்டிக்கு வர்ற புள்ளைங்களா. நல்லா ஆடுமா?" "ரொம்ப நல்லா ஆடுங்க." "அப்பறம் ஏனுங்க வேண்டாங்கறாங்க?" "நல்லா ஆடறதுனாலதானுங்க." பச்சைச் சேலை "அது செரி" என்று மட்டும் சொன்னது. அந்த இரண்டு சொல்லில் எத்தனையோ கல்யாண வீடு, எத்தனையோ பங்காளிச் சண்டை, எந்தெந்தப் பெண்ணையோ எதற்கெதற்கோ ஒதுக்கியதெல்லாம் இருந்தது போல வாணிக்குப் பட்டது. இல்லீங்கம்மா, அது நிஜ ஆள் இல்லை, பொம்மை என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

ஏனென்றால் நிஜ ஆள் உண்டு. ரெபேக்கா. கோயமுத்தூரில் குடைக்காரியை எடுக்காதவர் பாக்கி இல்லை, இறங்கிய வாரம் எல்லாப் பையன்களும் அவளைத்தான் எடுத்தார்கள், எடுத்தும் ஒழுங்காக ஆட வரவில்லை, விட்டுவிட்டார்கள். விடாமல் பிடித்தவள் இந்த ஒருத்திதான். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை, கையுறை மாவு விரலிடுக்கில் அப்படியே இருக்க நேராக ஜெபராஜ் அண்ணன் சென்டருக்கு வருவாள், பேச்சே இருக்காது, மூலை மெஷினில் உட்காருவாள். போன வருஷம் வரைக்கும் முதல் சுற்றிலேயே தோற்றுப் போகிறவள். தோற்றதும் எழுந்து எதிராளிக்குக் கை கொடுத்துவிட்டு, யாரும் கேட்காமலே அடுத்த ஆட்டத்துக்கு நாற்காலியைத் துடைத்து வைப்பாள். அப்போது எல்லோருக்கும் அவளைப் பிடித்திருந்தது. ரெபேக்கா நல்ல பொண்ணு, ரெபேக்கா தங்கமான பொண்ணு. ஜெயிக்க ஆரம்பித்த பிறகு யாரும் பெயரைச் சொல்லுவதில்லை. குடைக்காரி வந்துட்டாளா, ஆட்டப் பட்டியல்ல குடைக்காரி எந்தப் பக்கம் போட்டிருக்கு, குடைக்காரி இருந்தா நான் வரலை. எந்தக் குடைக்காரி? வாணியும்தானே அப்படிச் சொன்னாள், போன வாரம், போனில், ஜெபராஜ் அண்ணனிடம். குடைக்காரியை என்னண்ணா பண்றது என்று. சொல்லும்போது மனதில் வந்தது கறுப்புக் கவுனா, கையுறை மாவா. சரியாக ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பது பொய். போன் பச்சைச் சேலையின் கையிலேயே இருந்தது, மறுபடி நடுங்கியது. "படிக்கட்டுங்களா? ஆரோ ஒரு பையன். 'அந்த லேப் புள்ளைக்கு குடைய புடுங்கிட்டா ஒண்ணுமில்ல, கை ஒடிஞ்ச மாதிரி.' சிரிப்பு பொம்மை போட்டிருக்குதுங்க. அதுக்குக் கீழ இன்னொருத்தனும் சிரிச்சு வெச்சிருக்கான்." அந்த அம்மாவின் குரலில் ஏதோ இறுகியிருந்தது. "ஏனுங், இத்தனை ஆம்பளைப் பசங்க சேர்ந்து ஒரு புள்ளைய வராதீங்கறானுங்களா? நீங்க என்ன சொல்லப் போறீங்க?" அதைத்தானே அம்மா நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், காலையிலிருந்து, பஸ்ஸில், ரிசப்ஷனில் பெயர் கொடுக்கும்போது, வயதைச் சொல்லும்போது. "தெரியலீங்க" என்றாள்.

வயது. ஒருவேளை வயதுதானோ. குடை விரிவதை இவள் பார்க்கவில்லை, அதுதான் போன மாசம் நடந்தது. விரிந்த பிறகு பார்த்தாள். விரியப் போகிறது என்று தோள் லேசாகக் குலுங்கும், அதைப் பார்த்துக் கை பொத்தானை அமுக்க வேண்டும், முன்பெல்லாம் எந்த ஆளுடைய எந்தத் தோள் குலுங்கினாலும் யோசிக்காமல் கை போகும். அன்றைக்குப் போகவில்லை. இப்போது கொஞ்ச நாளாக இடது கண்ணின் ஓரத்தில் ஒரு கொசு பறக்கிறது. அடிக்கக் கையை ஓங்கினால் கொசு இல்லை, வெள்ளைச் சுவரைப் பார்த்தால் இருக்கிறது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் ரசத்தில் முடி கிடக்கிறது என்று அம்மாவிடம் சத்தம் போட்டார், அம்மா வேறு ரசம் ஊற்றினாள், அதிலும் முடி, கடைசியில் அது முடி இல்லை, கண். சர்க்கரை. பிறகு அவர் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தே சாப்பிட்டார், யார் மீதும் சத்தம் போடவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நானும் ரசத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறேனா. குடையில் குறை இல்லை, என் கண்ணில்தான் குறை, அதை மறைக்க ஒரு தடை, அதற்கு ஒரு குழு, அதற்கு ஒரு ஓட்டு. இல்லை, குடையில் குறை இருக்கிறது. இவள் அதை நிறுத்தி நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, திரையில் துண்டு துண்டாகப் பார்த்தாள். இடைவெளி இல்லை. கண் போனாலும் போகாவிட்டாலும் அது இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தால் என்ன செய்வது? தண்டும் தடிமன், கேஜும் தேய்ந்திருக்கிறது. அதற்கு என்ன அட்டை கட்டுவது?

அட்டை என்றதும் அந்த லாட் வந்தது. இரண்டு தீபாவளிக்கு முன்னால், சூலூர் பக்கத்து சப்ளையர் ஒருவர் அனுப்பிய தண்டுகள். எல்லாமே தடிமன் கூடுதல், கேஜில் தலைகூட நுழையவில்லை. சிவப்பு அட்டை எழுதப் பேனாவை எடுத்தபோது பர்சேஸ் மேனேஜர் வந்து பக்கத்தில் நின்றார். எழுதும்மா, எழுது, என்றார், ஒரு சிரிப்பு சிரித்தார். அப்போதுதான் தெரிந்தது, அவருக்கு அந்த சப்ளையரைக் கண்டாலே ஆகாது, எப்போதடா தப்பு வரும் என்று காத்திருந்தார், வந்துவிட்டது. வாணி எழுதினாள். எழுதாமல் எப்படி? தடிமனான தண்டு தடிமன்தானே. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே கை யாருடைய கையாகவோ ஆகிவிட்டது. சப்ளையர் வந்து லாட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சரியான முடிவு, இன்றைக்கு அதே லாட் வந்தாலும் அதே அட்டைதான். அப்புறம் ஏன் அந்தச் சிரிப்பு இன்னும் போகவில்லை. இப்போது குரூப்பில் சிரிக்கிறவர்களும் அதே சிரிப்புதான் சிரிக்கிறார்கள். குடைக்காரியை விலக்கினால் இவர்கள் ஜெயித்தார்கள். விலக்காவிட்டால் ஒரு ஓட்டை விளையாட்டை ஓட்டை என்று தெரிந்தும் நடத்தினேன். பிரணவ் கைதட்டுவான், அவனுக்கென்ன, அவன் ஆடுவதே இல்லை, மைக்கைப் பிடித்து வர்ணனை சொல்கிறவன், யார் யாரை அடித்தாலும் அவனுக்குக் கொண்டாட்டம்.

இதையெல்லாம் விடப் பெரிய எரிச்சல் ஒன்று அடியில் கிடந்தது. அதை வாணி தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தாள், பல் வலிக்கிற பக்கம் மெல்லாமல் சாப்பிடுவது போல. ரெபேக்கா மேல் கோபம். அது ஏன் என்று இப்போது, மூடிய இமைக்குள், வேறெதுவும் பார்க்க இல்லாதபோது தெரிந்தது. காலேஜ் படிக்கும்போது சிங்காநல்லூரில் ஒரு பிரௌசிங் சென்டர், அதில் இந்த கேமின் பழைய பதிப்பு. பெண் என்றால் இவள் ஒருத்திதான், பிரிண்ட் எடுக்க வந்தவள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். இவள் ஈட்டிக்காரனை எடுத்து ஆடினாள், தூரத்தில் நின்றே குத்துகிறவன், பையன்கள் வரிசையாகத் தோற்றார்கள். அடுத்த நாள் ஒரு சட்டம் வந்தது, ஈட்டி எடுக்கக் கூடாது. இவளுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும்தான், மிகவும் நியாயமான சட்டம். இவள் ஒன்றும் பேசவில்லை. பயில்வானை எடுத்தாள். கேமிலேயே மந்தமான ஆள், தொப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவதற்குள் பொழுது விடிந்துவிடும், அவனை யாரும் எடுப்பதில்லை, அவனை வைத்து ஜெயித்தால் எவனும் வாயைத் திறக்க முடியாது. மாசக்கணக்காகத் தோற்று, பிறகு ஜெயித்தாள். வாணி அக்கா பயில்வானோடே ஜெயிக்கறாங்கப்பா. அதற்குத்தானே எடுத்தது. பிடித்ததாலா எடுத்தாள்? இத்தனை வருஷமாக அவனைப் பிடித்ததாகவே நினைத்திருக்கிறாள். பிடித்தது ஈட்டி. அதை வைத்துவிட்டு, யாருக்கும் உறுத்தாத ஒருவனைச் சுமந்துகொண்டு, மெதுவாக, வலிக்க வலிக்க, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஜெயிக்கக் கற்றுக்கொண்டாள். இந்தப் பெண்ணோ நேராக வந்து, இருப்பதிலேயே பலசாலியை எடுத்து, வெட்கப்படாமல் உட்கார்ந்து ஜெயிக்கிறாள். எப்படி முடிகிறது உனக்கு? என்னிடம் யாராவது சொல்லியிருக்கலாமே, அப்படியும் செய்யலாம் என்று.

"கோகிலவாணி" என்று கூப்பிட்டார்கள். பச்சைச் சேலை முழங்கையைப் பிடித்து எழுப்பி, டாக்டர் அறை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டது. உள்ளே இருட்டு. தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னார்கள், நெற்றியை முன்னால் ஒட்டச் சொன்னார்கள். பெண் டாக்டர், குரலுக்கு இவளைவிட வயது குறைவாக இருந்தது. வெளிச்சம் கண்ணுக்குள் கத்தியாக இறங்கியது. மேலே பாருங்க. கீழே. என் காதைப் பாருங்க. எந்தக் காது, எங்கே காது, எல்லாமே ஆரஞ்சு நிறம், அதில் மரத்தின் கிளை போல ஏதோ, அது இவள் கண்ணின் நரம்பேதான் என்று எங்கோ படித்திருந்தாள். இப்போது சொல்லப் போகிறார். சொல்லிவிட்டால் ஒரு வகையில் நல்லது. கண்ணில் கோளாறு என்றால் இந்த வருஷம் ஆடவில்லை, ஓட்டும் போடவில்லை, உடம்பு சரியில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிவிடலாம். அப்படி ஒரு ஆசை தனக்குள் இருந்ததைப் பார்த்து வாணிக்கே அருவருப்பாக இருந்தது. கண் போகட்டும் என்று வேண்டுகிறவள் உண்டா, ஒரு பொம்மைக்காக. விளக்கு அணைந்தது. "நரம்பெல்லாம் நல்லா இருக்கு. அந்தப் புள்ளி பலபேருக்கு வர்றதுதான், பயப்பட வேண்டாம். கண்ணு ரொம்பக் காஞ்சிருக்கு, ஸ்க்ரீன் பாக்கும்போது சிமிட்ட மறந்துடறீங்க. சொட்டு மருந்து எழுதித் தர்றேன். பவர் மாறல." "பார்வை மெதுவாகியிருக்குமாங்க? வேகமா ஒண்ணு வந்தா தெரியாமப் போற மாதிரி?" டாக்டர் லேசாகச் சிரித்த சத்தம் கேட்டது. "அதுக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இல்லீங்க. வண்டி ஓட்டும்போது அப்படி இருக்குதா?" "இல்லீங்க" என்றாள் வாணி. வண்டி ஓட்டும்போது இல்லை. சிவப்புக் குடை வரும்போதுதான்.

வெளியே வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். கண் தெளிய இன்னும் நேரம் ஆகும், வெயிலில் போகாதீங்க என்றார்கள். பச்சைச் சேலை அம்மாவுக்கும் இப்போது ஒரு கண்ணில் மட்டும் மருந்து விட்டிருந்தார்கள். "என்னங்க சொன்னாங்க?" "ஒண்ணும் இல்லீங்களாம்." "நல்லதாப் போச்சு." நல்லதுதான். அப்பாவின் ரசம் இல்லை. அந்த நிம்மதி ஒரு பெருமூச்சு நேரம்கூட நிற்கவில்லை. கண் சரி என்றால் சாக்கு போயிற்று. தோற்றது தோற்றதுதான், குடை ஓட்டை என்பதும் ஓட்டைதான், முடிவு முழுதாகத் திரும்ப வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. ரெபேக்காவிடம் முதலில் பேசிவிட்டால் என்ன என்று தோன்றியது. பச்சைச் சேலை அம்மாவிடம் பெயரைத் தேடி போன் போடச் சொன்னாள், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ட்யூட்டியில் இருப்பாள், யாருடைய கையிலோ நரம்பு தேடிக்கொண்டிருப்பாள். பேசினாலும் என்ன கேட்பது, உன்னை விலக்கலாமா என்றா. ஜெபராஜ் அண்ணன் கூப்பிடுகிறார் என்று அம்மா படித்துச் சொன்னார், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார், எடுத்தாள். "வாணி, ஒரு வார்த்தை. ஆமா, இல்ல, ஒண்ணு சொல்லு. போஸ்டர் போடணும்." "அண்ணா, ஒண்ணு கேக்கறேன். ரெபேக்கா நாளைக்கு வேற ஆளை வெச்சு ஜெயிச்சா என்ன பண்ணுவீங்க?" "அதெப்படி ஜெயிப்பா?" என்றார், ஒரு கணமும் யோசிக்காமல். கெட்ட மனிதர் இல்லை. இவளுடைய கல்யாணம் நின்றுபோன வருஷம், ஒரு கேள்வி கேட்காமல் சென்டர் சாவியைக் கையில் கொடுத்தவர். "நீயே அவகிட்ட தோத்தியே வாணி. குடை இல்லாம அவ உன்னை ஜெயிப்பாளா? நீதான் கப்பு வாங்குவ, எழுதி வெச்சுக்க." போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் காதிலேயே நின்றது. நீதான் கப்பு வாங்குவ. அவர் அன்பாகத்தான் சொன்னார். மேனேஜரின் சிரிப்பைக்கூட இவள் தாங்கிக்கொண்டுவிட்டாள், இந்த அன்பைத் தாங்க முடியவில்லை. எந்த வழியாகப் போனாலும் கடைசியில் தன் கையில் ஒரு கப்பு இருக்கிறது. விலக்கு என்று சொல்கிற வாயும் அந்தக் கப்பை வாங்குகிற கையும் ஒரே உடம்பில். அதுதான் இத்தனை நேரமாகத் தொண்டையில் நின்ற முள், குடையும் இல்லை, கண்ணும் இல்லை, ரெபேக்காவின் வெட்கமின்மைகூட இல்லை.

முள் இருக்கிற இடம் தெரிந்ததும் யோசனை சட்டென்று சுருங்கிவிட்டது, கோபம் மட்டும் அப்படியே இருந்தது. "அம்மா, அந்த குரூப்ப எடுத்து, மைக் மாதிரி ஒரு படம் இருக்கும், அதை அமுக்கிப் பிடிச்சுக்குவீங்களா?" "அமுக்கிட்டனுங்க, பேசுங்க." வாணி பேசினாள். வார்த்தை சேர்த்து வைத்திருக்கவில்லை, வந்தது வந்தபடி. "நான் வாணி. நாளைக்கு குடைக்காரி கிடையாது. குடை மடங்கும்போது இடைவெளி இல்ல, அதை யாரும் எதுவும் பண்ண முடியாது, கம்பெனிக்காரன் திருத்தற வரைக்கும் அவ வேண்டாம். அதுதான் காரணம், வேற காரணம் இல்ல. அவளை எல்லாரும்தான் எடுத்தீங்க, ஆட வந்தது ரெபேக்காவுக்கு மட்டுந்தான், அது அவ கை, குடை இல்ல. அந்தக் கை ஒடிஞ்சிருச்சான்னு நாளைக்குப் பாத்துக்கங்க. இன்னொண்ணு. குடைக்காரி போனா எனக்குத்தான் லாபம். அதனால நாளைக்கு நானும் ஆடல. என் பேரை எடுத்துருங்க ஜெபராஜ் அண்ணா." கை காட்டினாள், அம்மா விரலை எடுத்தார். போய்விட்டது. போனபிறகுதான் உறைத்தது. இந்த வருஷம் ஆடவில்லை. பயில்வானுக்காகப் புதிதாகப் பழகியிருந்த ஒரு பிடி, ஈரோட்டுக்காரனுக்கென்று எடுத்து வைத்திருந்தது, அது வீணாயிற்று. நாளைக்கு எல்லோரும் ஆடும்போது பேனாவும் கையுமாக ஓரத்தில் நின்று பெயர் கூப்பிட வேண்டும். என்ன பெரிய நியாயவாதி. யார் கேட்டார்கள் உன்னை. போன் நடுங்க ஆரம்பித்து, ஒரே நடுக்கமாக நடுங்கியது, அம்மா படிக்கவா என்று கேட்டார், வேண்டாம் என்றாள். பிரணவ் திட்டியிருப்பான், ஜெபராஜ் அண்ணன் தலையில் கை வைத்திருப்பார், சிரித்தவன் மறுபடி சிரித்திருப்பான். எல்லாம் தெரிந்ததுதான்.

"ரெபேக்கான்னு ஒண்ணு வந்திருக்குதுங்க, தனியா. அதையாவது படிக்கட்டுங்களா?" வாணி தலையாட்டினாள். அம்மா மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் படித்தார், இந்தத் தடவை ஒப்பிக்காமல், மெதுவாக. "'அக்கா, இப்பதான் கேட்டேன். குடைக்காரி போகட்டும். நான் ஜெயிச்சா குடைக்காரி ஜெயிச்சாங்கறாங்க, தோத்தா ரெபேக்கா தோத்துட்டாங்கறாங்க. எனக்கே அலுத்துருச்சு. அதனால ஒரு மாசமா ஈட்டிக்காரனைப் பழகறேன். அவன்தான் பயில்வான்கிட்ட நிப்பான்னு, உங்களுக்காகப் பழகினேன். இப்ப நீங்க ஆடலைன்னு சொல்லிட்டீங்க. அப்ப நான் யாரைக்கா ஜெயிக்கறது?'" எதிர்ச் சுவரில் நம்பர் கூப்பிடும் மணி அடித்தது, யாரோ எழுந்து தடுமாறி நடந்தார்கள். ஈட்டிக்காரன். மூலை மெஷினில், ஒரு மாசமாக, இவளுக்காக. இவள் எதை நியாயம் என்று நினைத்து எடுத்து வைத்தாளோ அது நேராகப் போய் அந்தப் பெண்ணின் தலையிலேயே விழுந்திருக்கிறது. எந்தப் பக்கம் கேஜை வைத்தாலும் ஒன்று நுழையாமல் நிற்கிறது. சொன்னதைத் திருப்பி வாங்க முடியுமா, முடியாது, வாங்கினால் நாளைக்கு இவள் வாய்க்கு மதிப்பில்லை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கவும் எரிச்சலாக இருந்தது. அழுகை வந்தது, அல்லது மருந்து வழிந்தது, பஞ்சால் துடைத்தாள்.

"அந்த மைக்கை இன்னொருக்கா அமுக்குங்கம்மா. குரூப்ல வேண்டாம், இந்தப் புள்ளைக்கு மட்டும்." அம்மா அமுக்கினார். வாணி போன் பக்கம் குனிந்தாள். "ரெபேக்கா, நாளைக்குப் போட்டியில ஈட்டிக்காரனை எடு. எல்லாரையும் அடி. ஃபைனல் முடிஞ்சு, கூட்டம் கிளம்பினதுக்கப்பறம், நீ இரு, நானும் இருக்கேன். நாம ஆடலாம். ஆனா எங்கிட்ட ஈட்டிய எடுத்துட்டு வராத. குடைக்காரிய எடுத்துட்டு வா." அம்மா விரலை எடுத்து, போனை வாணியின் உள்ளங்கையில் வைத்து, மேலே தன் கையையும் ஒரு நொடி வைத்தார். முகம் இன்னும் தெரியவில்லை, பச்சை மட்டும் முன்பைவிட ஓரம் கூடித் தெரிந்தது. "எனக்கு ஒண்ணும் முழுசாப் புரியலீங் அம்மணி. அந்தக் குடைக்காரிய ஆராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நீங்களே இப்பத்தான் சொன்னீங்க. அப்பறம் கூப்பிட்டு வெச்சு எதுக்குங்க அடி வாங்கோணும்?"

வாணி போனைப் பைக்குள் போட்டாள். "அந்தக் குடைக்குள்ள ஒருக்காவாச்சும் நுழைஞ்சு பாக்கோணுங்க" என்றாள்.